நூறு நிமிடத்தில் பசிபிக் கடலா?

2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஹாங்காங்கிலிருந்து வெளிவரும் 'சவுத் சைனா மார்னிங் போஸ்ட்' நாளேட்டில் ஒரு செய்தி வந்தது. நீரினடியில் மிக விரைந்து செல்லும் கலம் ஒன்றுக்கான ஆய்வில் சீனாவின் ஹார்பின் தொழில்நுட்பக் கழகத்தார் முன்னேறியிருக்கிறார்கள் என்பது செய்தி. இத்தகைய கலம், கோட்பாட்டளவில், பசிபிக் கடலை நூறே நிமிடத்தில் கடக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. ஷாங்காய் நகரில் புறப்பட்டவர் இரண்டு மணி நேரத்துக்குள் சான்பிரான்சிஸ்கோவில் கரையேறலாம்! பல நாட்டு ஏடுகளும் இதை ஆவலோடு எடுத்து வெளியிட்டன. அப்படி ஏடு விட்டு ஏடு போகும்போது 'கோட்பாட்டளவில்' என்ற சொல் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்து போயிற்று.

ஆண்டுகள் பத்துக்கு மேல் கடந்துவிட்டன. அப்படி ஒரு கலம் பசிபிக் கடலைக் கடக்கவில்லை. ஆனால் செய்தி மட்டும் சாகவில்லை. 'வாயுப் படலத்தைப் போர்த்திக்கொண்டால் நீரில் உராய்வே இல்லை' என்ற வாக்கியம் மாணவர்களின் பேச்சிலும் பொது அறிவு நூல்களிலும் இன்றும் உலவுகிறது. இக்கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செய்தி பொய் அன்று. அதன் பின்னே மெய்யான இயற்பியல் இருக்கிறது. அதில் உள்ள குறை வேறு. அது வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாமல் விட்ட கணக்கு.

வரவு

நீர் காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. அதன் பாகுநிலை காற்றின் பாகுநிலையைப் போல 50 மடங்குக்கும் மேல். இடுப்பளவு நீரில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இந்த எண்களின் பொருள் உடனே விளங்கும். நீரில் செல்லும் பொருளின் மேற்பரப்பை நீர் உரசி இழுக்கிறது. அந்த மேற்பரப்புக்கும் நீருக்கும் நடுவே ஒரு வாயுப் படலத்தை நுழைத்துவிட்டால், பொருளை உரசுவது நீர் அன்று, மெல்லிய வாயுவே. எனவே உராய்வு பெரிதும் குறைகிறது. இதில் ஐயமே இல்லை.

இப்படலத்தைப் பெறுவதற்குப் பல வழிகள் உண்டு. பரப்பிலுள்ள துளைகள் வழியே காற்றை ஊதிக் குமிழிகளாக விடலாம். பொருளைச் சூடாக்கி, தன்னைச் சுற்றித் தானே ஆவிப் படலம் உண்டாக்கிக் கொள்ளச் செய்யலாம். பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உடனே வற்றாமல் உருண்டோடுகிறதே, அங்கே துளியின் அடியில் இருப்பதும் அத்தகைய ஆவிப் படலந்தான்.

மூன்றாவது வழியே நம் செய்திக்குரியது. ஒரு பொருள் நீரில் மிக விரைந்து செல்லும்போது அதன் முனையைச் சுற்றி ஓடும் நீரின் அழுத்தம் வீழ்கிறது. அழுத்தம் போதிய அளவு வீழ்ந்தால், சாதாரண வெப்பநிலையிலேயே நீர் ஆவியாகி அங்கே ஒரு குழிவு தோன்றுகிறது. வேகம் மேலும் கூடினால் அக்குழிவு நீண்டு, பொருள் முழுவதையும் தனக்குள் அடக்கிக் கொள்கிறது. இதனைப் பெருங்குழிவு என்போம். ஆங்கிலத்தில் சூப்பர்கேவிட்டேஷன் என்பர். அப்போது முனையில் உள்ள சிறு வட்டு ஒன்றே நீரைத் தொடுகிறது. உடல் முழுவதும் ஆவிக்குள்ளே பறக்கிறது.

உண்மையில் ஓடியது எது?

இது கற்பனை அன்று என்பதற்குச் சான்று 'ஷ்க்வால்' என்னும் சோவியத் டார்ப்பிடோ. 1960-களில் ஆய்வு தொடங்கி 1970-களின் பிற்பகுதியில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. ராக்கெட்டினால் உந்தப்படும் இதன் வேகம் மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 100 மீட்டர். சாதாரண டார்ப்பிடோக்களின் வேகத்தைப் போல இது ஏறத்தாழ நான்கு மடங்கு.

ஆனால் எவ்வளவு தூரம்? பத்துக் கிலோமீட்டர் அளவுதான். விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பத்துக் கிலோமீட்டருக்கு ஆகும் காலத்தைக் கணக்கிடுங்கள்: 100 விநாடி! மெதுவாகச் செல்லும் டார்ப்பிடோ பல பத்துக் கிலோமீட்டர் செல்ல, இதுவோ சிறிது நேரத்தில் எரிபொருள் தீர்ந்து ஓய்ந்துவிடுகிறது. அன்றியும், இதன் குழிவுக்குத் தேவையான வாயு தானாக மட்டும் உண்டாவதில்லை. எரிவாயுவின் ஒரு பகுதியை முனைப்பக்கம் கொண்டுவந்து குழிவுக்குள் ஊட்டுகிறார்கள். உலகில் உண்மையில் ஓடிக் காட்டிய கலம் 100 விநாடி ஓடியது. செய்தியோ 100 நிமிடம் என்கிறது. விநாடிக்கும் நிமிடத்துக்கும் இடையே என்ன இருக்கிறது என்று செய்தி எழுதியவர்கள் கேட்டிருக்க வேண்டாமா? நாம் கேட்போம்.

செலவு

ஷாங்காய்க்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நேர்வழித் தொலைவு சுமார் 9,900 கிலோமீட்டர். நூறு நிமிடத்தில் கடக்க வேண்டுமானால் விநாடிக்கு 1,650 மீட்டர் வேகம் வேண்டும். கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். ஆக, கலம் நீரில் ஒலியை முந்திச் செல்ல வேண்டும். இயலாத செயலா? இல்லை. 1997-இல் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு மையம் ஒன்று நீரினடியில் ஒரு சிறு குண்டைச் சுட்டு இந்த எல்லையைத் தாண்டிக் காட்டியது. ஆனால் அது சிறு குண்டு. சென்றதும் சிறு தொலைவு.

கலத்தின் முனையில் நீர் மோதும் அழுத்தத்தைப் பார்ப்போம். அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும் என்பது நீங்கள் பாடத்தில் படித்ததே. 1,000 × 1,650 × 1,650 ÷ 2. விடை, 13,000 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல். கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் உள்ள அழுத்தம் சுமார் 1,100 வளிமண்டலந்தான். இவ்வளவு வேகத்தில் நீரும் சற்று அமுங்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் முனையின் அழுத்தம் இன்னும் உயருமே அன்றிக் குறையாது.

'முனை சிறியதுதானே, உடல் ஆவிக்குள் அல்லவா இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உடலை நீர் உரசவில்லை என்பது உண்மை. ஆனால் உடல் செல்வதற்கு நீரில் ஒரு சுரங்கம் வேண்டும். அச்சுரங்கத்தை யார் தோண்டுவது? கலந்தான் தோண்ட வேண்டும். சுற்றிலும் இருக்கும் நீர் தன் அழுத்தத்தால் உள்ளே வர முயல்கிறது. அதை விலக்கித் தள்ளியபடியே செல்ல வேண்டும். நீரின் அழுத்தத்தைக் குழிவின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் அதற்கு வேண்டிய விசை ஏறக்குறையக் கிடைத்துவிடும். கலம் கடந்த பிறகு சுரங்கம் பின்னே இடிந்து மூடிக்கொள்கிறது. தோண்டச் செலவிட்ட ஆற்றல் நீரின் கொந்தளிப்பாகப் போகிறதே தவிரக் கலத்துக்குத் திரும்பி வருவதில்லை.

எண்களை இடுவோம். கலம் பத்து மீட்டர் ஆழத்தில் செல்கிறது. அங்கே அழுத்தம் இரண்டு வளிமண்டலம், அதாவது சதுர மீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன். குழிவின் விட்டம் மூன்று மீட்டர் எனக் கொள்வோம். குறுக்குப் பரப்பு 7 சதுர மீட்டர். விசை 14 லட்சம் நியூட்டன். சுமார் 140 டன் எடைக்குச் சமம். முனை வட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று பார்த்தால் நான்கு சென்டிமீட்டர் விட்டம் போதும். கைக்கடிகாரத்தின் முகப்பளவே ஆன ஒரு வட்டு 140 டன் எடையைத் தாங்க வேண்டும்!

இனித் திறனைக் காண்போம். விசையை வேகத்தால் பெருக்கினால் சுமார் 2,300 மெகாவாட். ஆயிரம் மெகாவாட் அணுமின் உலைகள் இரண்டு சேர்ந்தாலும் போதா. விசையைத் தொலைவால் பெருக்கினால் பயணத்துக்கு ஆகும் ஆற்றல் கிடைக்கும். ஒரு கிலோகிராம் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 4 கோடியே 30 லட்சம் ஜூல் வெப்பம் தரும். அவ்வெப்பம் ஒரு துளியும் வீணாகாமல் வேலையாக மாறினாலும் 320 டன் மண்ணெண்ணெய் வேண்டும். எந்த எந்திரமும் அப்படி மாற்றாது என்பது வேறு. மூன்று மீட்டர் விட்டமும் இருபது மீட்டர் நீளமும் உள்ள கலத்தில், ஆளையும் எந்திரத்தையும் இறக்கிவிட்டு வெறும் மண்ணெண்ணெயை மட்டுமே நிரப்பினால்கூட 110 டன்னுக்கு மேல் கொள்ளாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் நீரடியில் உடன் கொண்டு செல்ல வேண்டும். அது மண்ணெண்ணெயின் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

இவை தோராயக் கணக்கே. ஆயினும் ஒரு பள்ளி மாணவர் காகிதத்தின் பின்புறத்தில் போடக்கூடிய கணக்கு. செய்தியை எடுத்து வெளியிட்ட ஏடுகளில் ஒன்று இதைப் போட்டிருந்தால் தலைப்பு வேறாக இருந்திருக்கும்.

வாயு எங்கிருந்து வரும்?

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. 'குழிவுக்குள் நீராவியை மட்டும் விடாமல், வெளி அழுத்தத்தை நெருங்கும் அளவுக்கு வாயுவை நிரப்பினால் அழுத்த வேறுபாடு குறையும். தடைவிசையும் குறையும் அல்லவா?' ஆம், குறையும். ஆனால் குழிவின் பின்முனையில் வாயு ஓயாமல் கிழிந்து நீரோடு போய்க்கொண்டே இருக்கிறது. அதை ஈடுசெய்தாக வேண்டும். நம் கலம் விநாடிக்கு 11,000 கனமீட்டருக்கும் மேலான சுரங்கத்தைத் திறந்துகொண்டு போகிறது. இதில் நூற்றில் ஒரு பங்களவு வாயு மட்டுமே இழப்பாகிறது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் அது விநாடிக்கு 250 கிலோகிராமுக்கு மேல் ஆகும். நூறு நிமிடத்துக்கு 1,500 டன்னைத் தாண்டும். ஆக, தடைவிசையில் மிச்சம் பிடித்ததை வாயுவுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று. நீரில் மூழ்கிய பொருளை மிதப்பு விசை தாங்குகிறது. குழிவுக்குள் இருக்கும் கலத்துக்கு அந்தத் தாங்கல் இல்லை. கலம் தன் வாலால் குழிவின் சுவரில் சாய்ந்துதான் எடையைத் தாங்க வேண்டும். சாய்ந்தால் மறுபடியும் நீர் தொடும், உராய்வு வரும். திசை திருப்பச் சுக்கானை நீரில் நீட்டினாலும் அப்படியே. ஹார்பின் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினைகள் உண்மையில் இவற்றை ஒட்டியவைதாம்: குழிவு தோன்றும் வேகத்தை எட்டுவது எப்படி, அதன்பின் கலத்தைத் திருப்புவது எப்படி? இவை மதிப்புள்ள கேள்விகள். நூறு நிமிடம் என்ற முழக்கத்தில் இந்த நல்ல கேள்விகள் யார் காதிலும் விழாமற் போனதே என் வருத்தம்.

கிட்டத்தட்டத் தடையே இல்லாத ஒரு சோதனையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்தில் வக்கரெல்ஸ்கியும் தோரொட்சனும் பிறரும் இத்துறையில் உழைத்து வருகிறார்கள். 2011-இல் சூடேற்றிய உலோகக் கோளத்தை ஒரு ஃப்ளூரின் சேர்மத் திரவத்தில் விழவிட்டு, ஆவிப் படலத்தால் தடைவிசை 85 சதவீதம் வரை குறைவதைக் காட்டினார்கள். 2017-இல், நீரில் விழும் கோளத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பெரிய வாயுக் குமிழி, தானாகவே கண்ணீர்த்துளி போன்ற வடிவம் பெற்று ஏறக்குறையத் தடையின்றி இறங்குவதை வெளியிட்டார்கள். மிக அழகிய சோதனை. ஏன் இங்கே செலவு இல்லை? குமிழி மூடியே இருக்கிறது. வாயு கிழிந்து போகவில்லை. வடிவம் கூர்ந்து முடிவதால் விலகிய நீர் பின்னே அமைதியாக ஒன்று சேர்ந்து, கொடுத்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது. வேகமோ விநாடிக்குச் சில மீட்டர்தான். இதை விநாடிக்கு 1,650 மீட்டருக்கு நீட்டிச் சொல்ல அச்சோதனை இடந்தரவில்லை.

எண்பதும் நான்கும்

கப்பல்களுக்கு வருவோம். இங்கேதான் இத்துறையின் மெய்யான வெற்றி இருக்கிறது. ஆனால் அது தலைப்புச் செய்தி ஆவதில்லை.

1973-இல் மக்கார்மிக், பட்டாச்சார்யா என்னும் இருவர், மூழ்கிய உடல் ஒன்றின் மேல் மின்னாற்பகுப்பால் ஹைட்ரஜன் குமிழிகளை உண்டாக்கித் தடைவிசை குறைவதைக் காட்டினார்கள். 1984-இல் மாதவன், டாய்ட்ஷ், மெர்க்கில் மூவரும் நுண்குமிழிகளால் உராய்வு 80 சதவீதம் வரை குறையக்கூடும் என அளந்து வெளியிட்டார்கள். எண்பது சதவீதம்! உலகக் கப்பல்களின் எரிபொருள் செலவை ஐந்தில் ஒன்றாக்கிவிடலாம் என்று அன்று யாரேனும் எழுதியிருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

2014-இல் 'அமாலியன்பர்க்' என்னும் எண்ணெய்க் கப்பலின் அடிப்பகுதியில் காற்றுக் குமிழிப் படலம் விட்டு அளந்தபோது கிடைத்த நிகரச் சேமிப்பு ஏறத்தாழ 4 சதவீதம். எண்பது எங்கே, நான்கு எங்கே? இருவரில் யார் பொய் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை.

காரணத்தை நீங்களே வருவிக்கலாம். எண்பது என்பது சிறு தகட்டில், குமிழி விடும் இடத்தை அடுத்து எடுத்த அளவு. 2006-லும் 2008-லும் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரிலுள்ள பெரிய நீரோட்டக் கால்வாயில் சுமார் 13 மீட்டர் நீளத் தகட்டைக் கொண்டு செய்த சோதனைகளின் முடிவுகள் வெளியாயின. குமிழிகள் சில மீட்டர் போவதற்குள் பரப்பை விட்டு விலகிவிடுகின்றன, பலனும் தேய்ந்துவிடுகிறது. காற்றை இன்னும் மிகுதியாக ஊதினால் குமிழிகள் ஒன்றாகித் தொடர்ச்சியான படலம் ஆகிறது. அப்போது தகடு நெடுகிலும் 80 சதவீதத்துக்கு மேல் உராய்வு குறைகிறது. ஆனால் அதற்கு வேண்டிய காற்று, ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது.

கப்பலில் என்ன ஆகும்? ஓர் எடுத்துக்காட்டு. மொத்தத் தடையில் உராய்வின் பங்கு 70 சதவீதம் என்க. காற்றால் மூட முடிவது தட்டையான அடிப்பகுதி மட்டுமே. அது நனைந்த பரப்பில் பாதி. அங்கே உராய்வு 30 சதவீதம் குறைகிறது. மூன்றையும் பெருக்கினால் பத்தரை சதவீதம். காற்றை அடியில் செலுத்தும் எந்திரம் பாதியைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது ஐந்து. கப்பல் பத்து மீட்டர் ஆழம் அமிழ்ந்திருந்தால் காற்றை இரண்டு வளிமண்டலத்துக்கு அழுத்தித்தான் விட வேண்டும். பாயில் விதிப்படி அதன் பருமனும் பாதியாகச் சுருங்கிவிடும். அதனால்தான் 2010-இல் ஜப்பானில் இந்த அமைப்புடன் கட்டிய 'யமாத்தாய்' என்னும் கப்பலில் சுமார் 10 சதவீதம் வரை சேமிப்பு என்று அறிவிக்க முடிந்தது. அது அகன்று தட்டையான அடியும் குறைந்த அமிழ்வும் கொண்ட சரக்குக் கப்பல்.

நான்கு சதவீதம் அற்பமா? ஒரு பெரிய கப்பல் நாளொன்றுக்குப் பல பத்து டன் எண்ணெய் எரிக்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் கடலில் இருக்கிறது. நூற்றில் நான்கு என்பது ஆண்டுக்குப் பல நூறு டன் எண்ணெய். அதைப் போல மூன்று மடங்கு கரியமில வாயு. நூறு நிமிடக் கனவு இதுவரை ஒரு லிட்டர் எண்ணெயையும் மிச்சம் பிடிக்கவில்லை.

பறவை அறிந்த கணக்கு

எம்பரர் பெங்குவின் பறவை கடலிலிருந்து பனித்தரைக்குத் தாவி ஏறுகிறது. அதற்கு நல்ல வேகம் வேண்டும். அது மேல்நோக்கி விரையும்போது இறகுகளிலிருந்து நுண்குமிழிகள் பின்னே புகையெனப் பிரிவதை ஆய்வாளர்கள் படமெடுத்து, அது தடையைக் குறைக்கும் உத்தி என்று 2011-இல் வெளியிட்டார்கள். அதன் சிக்கனத்தைக் கவனியுங்கள். காற்றை இறகுக்குள் அடைத்துக்கொண்டு போகிறது. ஆழத்தில் அமுங்கிய காற்று, மேலே வரவரத் தானே விரிகிறது. ஊதும் எந்திரம் வேண்டாம். வாழ்நாள் முழுதும் குமிழி விட்டுக்கொண்டு நீந்துவதில்லை. தாவுவதற்கு முந்திய சில விநாடிகளில் மட்டும் செலவிடுகிறது. இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற இரண்டு பத்தியும் அதன் கணக்கில் உண்டு.

அறிவியலைப் பொதுமக்களுக்குச் சொல்பவர்கள் அவர்களை வியக்க வைக்கவேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் வரவை மட்டும் காட்டி வியக்க வைத்தால், பத்தாண்டு கழித்து அது நிறைவேறாதபோது வாசகர் அறிவியலையே ஐயுறுவார். அதைவிடத் தீங்கு, நான்கு சதவீதத்துக்காக இருபது முப்பது ஆண்டுகள் தகட்டையும் குமிழியையும் அளந்துகொண்டிருந்தவர்களின் உழைப்பு அவர் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றிவிடும்.

எனவே, 'தடை 80 சதவீதம் குறைந்தது' என்று இனி எங்கே படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பரப்பில் அளந்தார்கள்? எவ்வளவு நேரம் நீடித்தது? வாயுவுக்கு ஆன செலவைக் கழித்தார்களா? விடைகள் கட்டுரையில் இருந்தால் மகிழ்ச்சியோடு மேலே படியுங்கள். இல்லையென்றால் பென்சிலை எடுத்துக்கொண்டு நீங்களே உட்காருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெருக்கலே போதும்.